மாற்றப்பட்ட டிஸ்க்குகளின் கணக்கு: ஒரு சேமிப்பக ஆய்வாளரின் பணிவாழ்வு குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

2000-களின் நடுவில் ஹார்ட் டிஸ்க் வாங்கப் போன எவரும் டேட்டா ஷீட்டில் ஒரு எண்ணைப் பார்த்திருப்பார்கள். பழுதாகும் வரையான சராசரிக் காலம், அதாவது எம்டிடிஎஃப், 10 லட்சம் மணி நேரம் முதல் 15 லட்சம் மணி நேரம் வரை என்று அதில் இருக்கும். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அப்படியானால் 10 லட்சம் மணி நேரம் என்பது ஏறத்தாழ 114 ஆண்டு. எந்த டிஸ்க்கும் அவ்வளவு காலம் சுழலப் போவதில்லை. உற்பத்தியாளரும் அப்படிச் சொல்ல வரவில்லை. முப்பது வயதுக்காரர்களில் ஓராண்டில் இறப்பவர்களின் விகிதத்தை எடுத்துத் தலைகீழாக்கி, அதைச் சராசரி ஆயுள் என்று எழுதினால் பல நூறு ஆண்டு வரும். டேட்டா ஷீட்டின் எண்ணும் அந்த வகைதான். அதைத் திரும்பத் தலைகீழாக்கிப் படிக்க வேண்டும்: 8,760-ஐ 10,00,000-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 0.88%. 15 லட்சம் என்றால் 0.58%. பத்தாயிரம் டிஸ்க் வைத்திருக்கும் ஒரு மையம் ஆண்டுக்கு 58 முதல் 88 டிஸ்க் வரை இழக்கும் என்பதே அந்த எண்ணின் பொருள்.

இந்த எண் விளம்பரத்துக்கு மட்டும் பயன்பட்டிருந்தால் பெரிய பாதகமில்லை. சேமிப்பகத் துறையின் கணக்குகள் எல்லாம் அதன் மேல்தான் நின்றன. பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று போனாலும் தரவு தப்பிக்கக் கூடுதலாக மிகை டிஸ்க் வைக்கும் முறைக்கு ரெய்டு என்று பெயர். 1988-இல் பெர்க்லியிலிருந்து வெளியான ரெய்டு கட்டுரை, ஒரு சிறிய டிஸ்க்கின் எம்டிடிஎஃப் 30,000 மணி நேரம் என்று எடுத்துக்கொண்டு, அப்படிப்பட்ட 100 டிஸ்க்குகளைச் சேர்த்தால் 300 மணி நேரத்துக்கு ஒன்று போகும், அது இரண்டு வாரத்துக்கும் குறைவு என்று காட்டியது. மிகை டிஸ்க் ஏன் வேண்டும் என்ற வாதமே அங்கிருந்துதான் எழுந்தது. மிகை டிஸ்க் சேர்த்தபின் தரவு எவ்வளவு காலம் பத்திரமாக இருக்கும் என்ற சூத்திரத்துக்கு இரண்டு அனுமானம் தேவைப்பட்டது. டிஸ்க்குகள் ஒன்றையொன்று சாராமல் பழுதாகின்றன என்பது முதலாவது. பழுதுகளுக்கு இடையிலான காலம் அடுக்குக்குறிப் பரவலைப் பின்பற்றுகிறது, அதாவது கடைசிப் பழுது எப்போது நடந்தது என்பது அடுத்ததன் வாய்ப்பை மாற்றாது என்பது இரண்டாவது. கணக்கு எளிதாக முடிய வேண்டும் என்பதற்காக எடுத்துக்கொண்ட அனுமானங்கள் இவை. அடுத்த பதினெட்டு, பத்தொன்பது ஆண்டுகள் பாடநூல்களும் கருவிகளும் அவற்றை அப்படியே சுமந்தன.

அந்தக் கட்டுரையின் மூன்று ஆசிரியர்களில் ஒருவர் 1990-களில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சேமிப்பகத்துக்கென ஒரு ஆய்வகத்தை உருவாக்கினார். இந்த நிகழ்வு ஆய்வு அவரைப் பற்றியது அல்ல. அவரிடம் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராகச் சேர்ந்து, பின்னர் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவரைப் பற்றியது. யாருடைய பெயரும் இங்கே தரப்படவில்லை.

தொடங்கிய இடம் சேமிப்பகம் அல்ல

ஆய்வாளர் ஜெர்மனியில் கணினி அறிவியல் படித்தபின் கார்னகி மெலனில் 2005-இல் முனைவர் பட்டம் முடித்தார். ஆய்வின் பொருள், காத்திருப்பைக் கணிக்கும் வரிசைக் கோட்பாடும் பணி அட்டவணையும். வெப் சர்வர் திணறும்போது எந்தக் கோரிக்கையை முதலில் எடுத்தால் மொத்தக் காத்திருப்பு குறையும் என்பது போன்ற கேள்விகள். டிஸ்க் அதில் எங்கும் மையத்தில் இல்லை.

ஆனால் அந்தப் பயிற்சியில் ஒரு பழக்கம் ஊறிப்போகும். வரிசைக் கோட்பாட்டில் முதல் கேள்வியே, வருகைகளுக்கு இடையிலான காலம் எந்தப் பரவலைப் பின்பற்றுகிறது என்பதுதான். சராசரியை மட்டும் தெரிந்துகொண்டு யாரும் வேலையைத் தொடங்குவதில்லை. 2006-இல் அவர் இணைந்து எழுதிய ஒரு கட்டுரை, சோதனைச் சுமையை உருவாக்கும் மென்பொருள், பதிலுக்குக் காத்திராமல் கோரிக்கை அனுப்பும் திறந்த மாதிரியா, ஒன்று முடிந்தபின் அடுத்ததை அனுப்பும் மூடிய மாதிரியா என்பதைச் சொல்லாமல் விட்டால் முடிவுகள் எவ்வளவு தலைகீழாகும் என்று காட்டியது. பலரும் கவனிக்காமல் கடந்துபோன அனுமானத்தை எடுத்துச் சோதிக்கும் அந்தக் குணத்தோடுதான் அவர் சேமிப்பகத்துக்குள் வந்தார். துறை மாறுவது இளம் ஆய்வாளருக்கு ஆபத்து என்பார்கள். இங்கே பழைய துறையின் கருவிதான் புதிய துறையில் இல்லாத ஒன்றாக இருந்தது.

முதல் வாய்ப்பு லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்திடமிருந்து வந்தது. அங்கே 9 ஆண்டுக் காலம், 20-க்கும் மேற்பட்ட கணினி அமைப்புகளில் ஏற்பட்ட ஏறத்தாழ 23,000 பழுதுகளின் பதிவு இருந்தது. 2006-இல் வெளியான அந்த ஆய்வில் பழுது விகிதம் அமைப்புக்கு அமைப்பு ஆண்டுக்கு 20 முதல் 1,000-க்கு மேல் வரை மாறியது. பழுதுகளுக்கு இடையிலான காலம், நாளாக நாளாகப் பழுது வாய்ப்பு மாறுவதை ஏற்கும் வைபுல் பரவலோடு பொருந்தியது. பழுதுபார்க்கும் நேரம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு முதல் ஒரு நாளுக்கு மேல் வரை இருந்தது. இந்தப் பதிவுகளை ஆய்வகம் பொதுவில் வெளியிட்டது. அடுத்த வேலைகளுக்கெல்லாம் கதவு திறந்தது அந்த முடிவுதான். தரவு வைத்திருப்பவர் முதல் தடவை நம்பி ஒப்படைப்பது அரிது. ஒருவர் கொடுத்து, அது நிதானமாகக் கையாளப்பட்டதைப் பார்த்தபின் அடுத்தவர் கொடுப்பது அவ்வளவு அரிதல்ல.

கையில் கிடைத்த பதிவுகள்

டிஸ்க் ஆய்வுக்கு உயர்திறன் கணினி மையங்களிடமிருந்தும் இணையச் சேவை நிறுவனங்களிடமிருந்தும் பதிவுகள் திரட்டப்பட்டன. மொத்தம் சுமார் 1,00,000 டிஸ்க். சிலவற்றுக்கு 5 ஆண்டு முழு ஆயுளும் பதிவில் இருந்தது. ஸ்கஸி, ஃபைபர் சேனல், சாட்டா என மூன்று இணைப்பு வகைகளும் இருந்தன.

மிக விரிவான பதிவு ஒரு உயர்திறன் மையத்துடையது. 765 கணுக்கள், அதாவது தனித்தனிக் கணினிகள், கொண்ட கொத்து (கிளஸ்டர்). ஒவ்வொரு கணுவிலும் 4 செயலி, 4 ஜிபி நினைவகம், மூன்று அல்லது நான்கு 18 ஜிபி ஸ்கஸி டிஸ்க், நிமிடத்துக்கு 10,000 சுற்று. அவற்றில் 64 கணுக்கள் கோப்பு அமைப்புக்கானவை. அவற்றில் ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக 36 ஜிபி டிஸ்க் 17. ஆக, கோப்புக் கணுக்களில் மட்டும் 1,088 கூடுதல் டிஸ்க். எந்த நாளில், எந்தக் கணுவில், எந்தப் பாகத்தில் சிக்கல், என்ன செய்யப்பட்டது என்பது வரி வரியாக இருந்தது.

இந்தப் பதிவுகள் ஆய்வுக்காக எழுதப்பட்டவை அல்ல என்பதை இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். சர்வர் அறையில் டிஸ்க் மாற்றும் தொழில்நுட்பர் அதை உதிரிப் பாகக் கணக்குக்காக எழுதுகிறார். வாரண்டி கேட்க எழுதுகிறார். அவர் எழுதிய தேதி பழுதான தேதியாக இருக்கலாம். டிக்கெட்டை மூடிய தேதியாகவும் இருக்கலாம். வெள்ளிக்கிழமை மூன்று டிஸ்க் எச்சரிக்கை காட்டியிருக்கும், திங்கட்கிழமை ஒரே நடையில் மூன்றையும் மாற்றியிருப்பார்கள். பதிவில் அது ஒரே மணி நேரத்தில் மூன்று பழுது. இதே துறையில் பின்னால் வந்த பலர் இடறிய இடம் இது.

முதல் முடிவு: எதை எண்ணுவது

ஆய்வின் மிக முக்கியமான முடிவு புள்ளியியல் தொடங்குவதற்கு முன்பே எடுக்கப்பட்டது. பதிவில் இருப்பது பழுது அல்ல, மாற்றம். எனவே பழுது விகிதம் என்று எங்கும் எழுதாமல் ஆண்டு மாற்று விகிதம் என்று எழுதுவது என முடிவானது.

காரணம் நடைமுறை சார்ந்தது. வாடிக்கையாளர் பழுது என்று கழற்றும் டிஸ்க்கை உற்பத்தியாளர் தன் சோதனை மேசையில் வைத்தால் அது நன்றாக ஓடலாம். திருப்பி அனுப்பப்பட்ட டிஸ்க்குகளில் 43% வரை குறையில்லை என்று ஒரு உற்பத்தியாளர் கணக்குச் சொல்லியிருந்தது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. மையத்தின் சோதனை கடுமையாக இருக்கலாம். ரெய்டு கட்டுப்படுத்தி சில விநாடி பதில் வராததைப் பார்த்து டிஸ்க்கை வெளியே தள்ளியிருக்கலாம். அதிர்வு, வெப்பம், மின்சாரம் ஆகியவற்றால் அந்தப் பெட்டிக்குள் மட்டும் அது தடுமாறியிருக்கலாம். உற்பத்தியாளர் மேசையில் இவை எதுவும் இல்லை.

'பழுது' என்று எழுதியிருந்தால் கட்டுரை வெளியான மறுநாளே அந்த 43% அதை வீழ்த்தியிருக்கும். 'மாற்றம்' என்று எழுதியதால் விவாதம் வேறு தளத்துக்குப் போனது. பட்ஜெட் போடுபவருக்கும் இரவில் எழுப்பப்படுபவருக்கும் வேண்டியது மாற்றங்களின் எண்ணிக்கைதான். எதிர்வாதத்தை அப்படியே ஏற்றாலும் கணக்கு நிற்கிறது. 3% மாற்று விகிதத்தில் 43%-ஐக் கழித்தால் 1.7%. அதுவும் 0.88%-இன் ஏறத்தாழ இரு மடங்கு.

இரண்டாவது முடிவு, தரவு தந்த வணிக நிறுவனங்களையும் டிஸ்க் தயாரிப்பாளர்களையும் பெயரிடாமல் விடுவது. இதற்கு விலை உண்டு. எந்த மாடல் மோசம் என்று தெரிந்துகொள்ள வந்த வாசகருக்கு விடை கிடைக்காது. வேறு குழு அந்த நிறுவனங்களின் தரவைச் சரிபார்ப்பதும் கடினம். ஆனால் பெயர் கேட்டிருந்தால் வணிக நிறுவனங்களின் பதிவு கிடைத்தே இருக்காது என்பதை இந்தத் துறையில் வேலை செய்தவர்கள் அறிவார்கள்.

கண்டவை

ஆண்டு மாற்று விகிதம் பெரும்பாலும் 1%-க்கு மேல். 2 முதல் 4% வரை சாதாரணம். சில அமைப்புகளில் 13% வரை. 5 ஆண்டுக்குக் குறைந்த டிஸ்க்குகளில் டேட்டா ஷீட் சொல்வதைவிட 2 முதல் 10 மடங்கு. 5 முதல் 8 ஆண்டு பழையவற்றில் 30 மடங்கு.

மொத்தப் பாக மாற்றங்களில் டிஸ்க்கின் பங்கு அமைப்புக்கு அமைப்பு மாறியது. மேலே சொன்ன உயர்திறன் மையத்தில் சுமார் 30%. ஒரு இணைய நிறுவனத்தில் பாதியைத் தொட்டது. இன்னொன்றில் மின்வழங்கியும் நினைவகமும் டிஸ்க்கை முந்தின. அதிகம் மாற்றப்படும் பாகம்தான் அதிகம் நிறுத்தம் தரும் என்பதும் இல்லை. உயர்திறன் மையத்தில் கணு செயலிழப்புகளுக்கு டிஸ்க்கைவிடச் செயலியும் நினைவகமும்தான் கூடுதல் காரணம்.

வயது பற்றிய முடிவு எதிர்பாராதது. குளியல்தொட்டி வளைவு என்று பொறியியலில் ஒரு படம் உண்டு. முதல் ஆண்டில் குறைபாடுள்ளவை விழும். பின்பு நெடுநாள் சமநிலை. ஐந்தாம் ஆண்டுக்குப் பின் தேய்மானம். பதிவில் அந்தச் சமதளமே இல்லை. முதல் ஆண்டுக் கூர்முனையும் கணிசமாக இல்லை. மாற்று விகிதம் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போனது. உதிரி டிஸ்க் வாங்குபவருக்கு இதன் பொருள் நேரடியானது. முதல் ஆண்டில் எத்தனை மாற்றினோமோ அத்தனையே மூன்றாம், நான்காம் ஆண்டுக்கும் போதும் என்று கொள்முதல் உத்தரவு எழுதினால் கையிருப்பு தீர்ந்துவிடும்.

சாட்டா டிஸ்க், அதைவிடப் பல மடங்கு விலையுள்ள ஸ்கஸி, ஃபைபர் சேனல் டிஸ்க்குகளைவிட அதிகமாக மாற்றப்பட்டதற்குச் சான்று கிடைக்கவில்லை. இந்த வரி அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது. அதோடு வந்த எச்சரிக்கை அவ்வளவு காட்டப்படவில்லை. வேலைச்சுமை, வெப்பம், அதிர்வு போன்றவை இடத்துக்கு இடம் மாறும்போது இணைப்பு வகையை மட்டும் தனியே பிரித்துப் பார்ப்பது கடினம்.

கட்டுரையில் உள்ள ஒரு நிகழ்வை இங்கே சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். ஒரு வாடிக்கையாளரிடம் 11,000 சாட்டா டிஸ்க்குகள் 2006 அக்டோபரில் மொத்தமாக மாற்றப்பட்டன. எழுதும்போது ஊடகப் பிழைகள் அளவுக்கு மீறி வந்ததே காரணம். தட்டின் மேலுள்ள மசகுப் பூச்சு சிதைந்து, படிக்கும் தலை பறக்க வேண்டிய உயரத்தைவிட மேலே பறந்தது. தலை உயர்ந்தால் காந்தப் புலம் வலுவாகப் பதியாது. எழுதியது எழுதியபடி இருக்காது. வாடிக்கையாளரும் விற்றவரும் இதை ஒப்புக்கொள்ள ஓராண்டு ஆனது. ஆனாலும் இந்த 11,000 மாற்றமும் பழுதுக் கணக்கில் ஏறவில்லை. ஒரு உற்பத்தித் தொகுதியில் நிகழ்ந்த குறைபாடு சராசரிக்குள் போனால் சராசரி குலையும். வெளியே வைத்தால், நடக்கக்கூடிய மிக மோசமானது சராசரியில் தெரியாமலே போகும். இரண்டில் எதைச் செய்தாலும் அதை எழுதிவைக்க வேண்டும். கட்டுரையில் எழுதிவைத்தார்கள்.

கொத்தாக விழும் டிஸ்க்குகள்

விகிதம் மட்டும் தவறு என்றால் சூத்திரத்தில் 10 லட்சத்துக்குப் பதில் 3 லட்சம் போட்டுவிட்டுப் போகலாம். வரிசைக் கோட்பாட்டுப் பயிற்சி கைகொடுத்தது இதற்கு அடுத்த படியில்.

மாற்றங்களுக்கு இடையிலான கால இடைவெளிகளை எடுத்து, அடுக்குக்குறி, வைபுல், காமா, மடக்கை-இயல்நிலைப் பரவல்களோடு பொருத்திப் பார்த்தார்கள். மாதத்துக்கு எத்தனை மாற்றம் என்பது, நிகழ்வுகள் ஒன்றையொன்று சாராவிட்டால் வரும் பாய்சான் பரவலைப் பின்பற்றுகிறதா என்பதைக் கை-வர்க்கச் சோதனையால் பார்த்தார்கள். பின்பற்றவில்லை. அடுக்குக்குறிப் பரவல் மோசமாகப் பொருந்தியது. வைபுலும் காமாவும் மேல். ஒரு வாரத்தின் எண்ணிக்கைக்கும் அடுத்தடுத்த வாரங்களின் எண்ணிக்கைக்கும் தொடர்பு இருந்தது, அந்தத் தொடர்பு நெடுந்தூரம் நீண்டது. கடைசி மாற்றம் நடந்து நாளாக நாளாக, அடுத்தது வரும் என்று எதிர்பார்க்கும் காலமும் நீண்டது. மாற்றங்கள் சீராகத் தூவப்படவில்லை, கொத்தாக விழுகின்றன என்பதே இதன் சாரம்.

ரெய்டு வைத்திருப்பவருக்கு இது ஏன் முக்கியம்? ஒரு டிஸ்க் போனபின் உதிரி டிஸ்க்கில் தரவை மீளக்கட்டும் நேரத்துக்குள் இரண்டாவது போகக் கூடாது. ஒரு டிஸ்க் இழப்பை மட்டும் தாங்கும் ரெய்டு 5-இன் பாதுகாப்பு முழுவதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அன்றைய 500 ஜிபி டிஸ்க்கை விநாடிக்கு 50 எம்பி வேகத்தில் மீளக்கட்டினால் 10,000 விநாடி, ஏறத்தாழ 2 மணி 45 நிமிடம். வேலைச்சுமையும் கூடவே ஓடினால் இது பல மடங்காகும். உண்மைப் பதிவில், ஒரு மணி நேரத்துக்குள் கொத்தில் இரண்டாவது டிஸ்க் போகும் வாய்ப்பு அடுக்குக்குறி அனுமானம் சொல்வதைப் போல் 4 மடங்கு. 10 மணி நேரத்துக்குள் 2 மடங்கு. இன்றைய 20 டிபி டிஸ்க்குக்கு விநாடிக்கு 200 எம்பி என்று தாராளமாக வைத்தாலும் 28 மணி நேரம் ஆகும். இரண்டு டிஸ்க் இழப்பைத் தாங்கும் ரெய்டு 6 இன்று ஆடம்பரமாகப் பார்க்கப்படாததற்கு இந்த எளிய வகுத்தலே போதும்.

1988 சூத்திரத்தின் அனுமானத்தை உடைத்த இந்தக் கட்டுரையின் இரண்டாம் ஆசிரியர், அந்தச் சூத்திரத்தை எழுதிய மூவரில் ஒருவர். வழிகாட்டியின் பழைய வேலையைத் தொடாமல் சுற்றிப் போகும் ஆய்வு மாணவர்களை எல்லாத் துறையிலும் பார்க்கலாம். இங்கே அப்படி நடக்கவில்லை.

2007 பிப்ரவரி

கட்டுரை கலிபோர்னியாவின் சான் ஹோசேயில், சேமிப்பகத் துறையின் சொந்த மாநாடான ஃபாஸ்டில் வெளியாகிச் சிறந்த கட்டுரைக்கான பரிசு பெற்றது. தலைப்பிலேயே 10 லட்சம் மணி நேரம் என்ற எண்ணை வைத்து, அதற்கு என்ன பொருள் என்று வாசகரைக் கேட்டது. புள்ளியியல் மாநாட்டுக்கோ பொது அமைப்பியல் மாநாட்டுக்கோ அனுப்பாமல் டிஸ்க் தயாரிப்பாளர்களும் வாங்குபவர்களும் ஒரே அறையில் உட்காரும் இடத்துக்கு அனுப்பியது சரியான தேர்வு.

அதே மாநாட்டில் கூகுள் தன் 1,00,000-க்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை தந்தது. முதல் ஆண்டில் 1.7% ஆன பழுது விகிதம் மூன்று ஆண்டு வயதில் 8.6%-ஐத் தாண்டியது. வெப்பத்துக்கும் பழுதுக்கும் எதிர்பார்த்த அளவு தொடர்பு இல்லை. பழுதான டிஸ்க்குகளில் 56% வரை, டிஸ்க் தன் நிலையைத் தானே கண்காணித்துச் சொல்லும் ஸ்மார்ட் அளவீடுகளில் முக்கியமான நான்கில் எந்த அறிகுறியும் காட்டாமலே போயின. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு குழுக்கள், வெவ்வேறு டிஸ்க் தொகுப்புகள், ஒரே திசையில் முடிவு. தனியாக வந்திருந்தால் ஏதோ சில மையங்களின் வினோதம் என்று ஒதுக்கியிருப்பார்கள். இரண்டும் சேர்ந்து வந்தபின் ஒதுக்க முடியவில்லை.

பழுதுப் பதிவுகளைப் பொதுவில் சேர்த்து வைக்க கணினி ஆய்வாளர்களின் யூசெனிக்ஸ் அமைப்பின் கீழ் ஒரு களஞ்சியமும் அந்தக் காலத்தில் தொடங்கப்பட்டது. லாஸ் அலமோஸ் பதிவுகள் அதில் உள்ளன. பிற்பாடு கிளவுட் காப்பு நிறுவனமான பேக்பிளேஸ் தன் டிஸ்க் ஒவ்வொன்றின் நாள்வாரிப் பதிவையும் மாடல் பெயரோடு வெளியிடத் தொடங்கியது. 2007-இல் பெயரில்லாமல் விட்டதால் ஏற்பட்ட குறை அதில்தான் தீர்ந்தது.

டொராண்டோ ஆண்டுகள்

2007-இல் ஆய்வாளர் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அதன்பின் வந்த வேலைகளை வரிசையாகப் பார்த்தால் பொருள் மாறுகிறது, முறை மாறவில்லை. பெரிய அளவில் ஓடும் அமைப்பை வைத்திருப்பவரோடு சேர்ந்து, அவர் ஏற்கெனவே சேகரித்து வைத்திருக்கும் பதிவை எடுத்து, புழக்கத்தில் உள்ள நம்பிக்கை ஒன்றைச் சோதிப்பது.

2009-இல் கூகுள் சர்வர்களின் நினைவகப் பிழைகள். இரண்டரை ஆண்டுப் பதிவில் ஆண்டுக்கு 8%-க்கு மேற்பட்ட நினைவகத் தகடுகளில் பிழை வந்தது. அண்டக் கதிரால் வரும் தற்காலிகப் பிழைகளே பெரும்பான்மை என்ற நம்பிக்கைக்கு மாறாக, வன்பொருள் குறையே மேலோங்கியது. பின்பு டிஸ்க்கின் செக்டர்களில், அதாவது தரவு எழுதப்படும் சிறு பகுதிகளில், மறைந்திருக்கும் பிழைகள். பிறகு தரவு மைய வெப்பநிலை.

2016-இல் ஃபிளாஷ், அதாவது சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டிகள். கூகுளின் 6 ஆண்டுப் பதிவு, 10 மாடல். செல்லுக்கு ஒரு பிட் மட்டும் வைக்கும், விலை கூடிய எஸ்எல்சி வகை மற்றதைவிட நம்பகமானதாக இல்லை. ஹார்ட் டிஸ்க்கைவிட எஸ்எஸ்டி குறைவாகவே மாற்றப்படுகிறது, ஆனால் திருத்த முடியாத பிழைகள் அதில் கூடுதல். முதல் நான்கு ஆண்டுக்குள் 20 முதல் 63% எஸ்எஸ்டிகளில் குறைந்தது ஒரு திருத்த முடியாத பிழையாவது வந்தது. மாற்று விகிதத்தை மட்டும் பார்த்து எஸ்எஸ்டி பத்திரம் என்று நினைத்துக் காப்புப்பிரதியைக் குறைத்தவருக்கு இது நேரடி எச்சரிக்கை.

2020-இல் நெட்ஆப் நிறுவனத்தின் 14 லட்சம் எஸ்எஸ்டிகள். சராசரி ஆண்டு மாற்று விகிதம் 0.22%, மாடலைப் பொறுத்து 0.07% முதல் ஏறத்தாழ 1.2% வரை. ஹார்ட் டிஸ்க்கில் காணாத ஆரம்பகாலப் பழுது இங்கே நீண்ட காலம் தெரிந்தது. டிஸ்க்குக்குள் ஓடும் கட்டுப்பாட்டு மென்பொருளான ஃபர்ம்வேரின் பழைய பதிப்பில் ஓடியவை கூடுதலாக மாற்றப்பட்டன. பதிமூன்று ஆண்டு கழித்தும் அளவுகோல் அதே ஆண்டு மாற்று விகிதம்தான் என்பது கவனிக்கத்தக்கது.

இன்று செய்தால் மாற வேண்டியவை

2007 பதிவுகளின் பெரிய குறை, டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் தனி வரலாறு இல்லாதது. அமைப்பின் வயது தெரியும். அதில் மூன்றாம் ஆண்டு பொருத்திய மாற்று டிஸ்க்கின் வயது தெரிவது எளிதல்ல. இன்று ஒரு கல்லூரி ஆய்வகமோ சிறு தரவு மையமோ இதே வேலையைத் தொடங்கினால், ஒரு டிஸ்க்குக்கு ஒரு வரி என்று வைக்க வேண்டும். வரிசை எண், மாடல், ஃபர்ம்வேர், ஓடத் தொடங்கிய நாள், முதல் எச்சரிக்கை வந்த நாள், கழற்றிய நாள் ஆகியவை அதில் வேண்டும். எச்சரிக்கை நாளும் கழற்றிய நாளும் தனித்தனி நெடுவரிசையாக இல்லாவிட்டால் திங்கட்கிழமை நடைகள் எல்லாம் கொத்துப் பழுதாகத் தெரியும். கழற்றிய காரணத்தைச் சொந்தச் சொற்களில் எழுதவிடாமல், ஐந்தாறு வகையில் ஒன்றைத் தேர்வு செய்யவிட வேண்டும்: முழுதாக நின்றது, ரெய்டு வெளியேற்றியது, ஸ்மார்ட் எச்சரிக்கை, முன்னெச்சரிக்கை மாற்றம், கொள்ளளவு உயர்த்த மாற்றியது, வேறு. விற்றவர் சோதனையில் என்ன சொன்னார் என்பதற்கு ஒரு இடம் காலியாக விட்டு, பதில் வந்ததும் நிரப்ப வேண்டும்.

விகிதத்தை டிஸ்க் எண்ணிக்கையால் வகுக்காமல் டிஸ்க்-நாளால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 900 நாளில் 250 டிஸ்க் முழுக் காலமும், நடுவில் சேர்த்த 150 டிஸ்க் சராசரி 500 நாளும் ஓடின என்று கொள்வோம். மொத்தம் 3,00,000 டிஸ்க்-நாள். 31 மாற்றம் நடந்திருந்தால் ஆண்டு மாற்று விகிதம் 3.8%. அதே 31-ஐ 400-ஆல் வகுத்து ஆண்டுக்குப் பிரித்தால் 3.1% வரும். நடுவில் சேர்ந்த டிஸ்க்குகளை முழுக் காலமும் ஓடியவையாக எண்ணியதால் வந்த பிழை அது. எண்ணிக்கை சிறிதென்றால் வரம்பையும் சேர்த்தே எழுத வேண்டும். 31 மாற்றத்துக்குப் பாய்சான் கணக்கில் 95% வரம்பு 21 முதல் 44 வரை. அதாவது விகிதம் 2.6% முதல் 5.4% வரை எங்கும் இருக்கலாம். இந்த அளவு தரவை வைத்து ஒரு மாடலை மற்றதோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பத்துப் பன்னிரண்டு டிஸ்க் வைத்துக்கொண்டு இந்தக் கம்பெனி டிஸ்க் எப்போதும் போகும் என்று பேசுவதில் அதைவிடவும் பொருளில்லை. இன்னும் ஓடிக்கொண்டிருப்பவற்றைத் தள்ளிவிடாமல் ஆயுட்கால வளைவு வரைய கப்லான்-மையர் முறை உண்டு. இலவச மென்பொருள்களிலேயே அது கிடைக்கிறது.

ஒரே பெட்டியில் ஒரே நாளில் வாங்கிய, ஒரே உற்பத்தித் தொகுதி டிஸ்க்குகளைக் கொண்டு ரெய்டு அமைப்பதைத் தவிர்ப்பது கொத்துப் பழுதுக்கு எதிரான மலிவான காப்பு. மாதம் ஒரு முறையாவது முழு டிஸ்க்கையும் படித்துச் சரிபார்க்கும் ஓட்டத்தை இயக்கத்தில் வைக்க வேண்டும். இரண்டாவது டிஸ்க் முழுதாகப் போக வேண்டும் என்பதில்லை. மீளக்கட்டும்போது அதில் படிக்க முடியாத ஒரு செக்டர் இருந்தாலே ரெய்டு 5-இல் அந்தப் பகுதித் தரவு திரும்பாது.

தரவு தருபவரோடு போடும் ஒப்பந்தத்தில், நிறுவனப் பெயர் இல்லாமல் மாடலும் ஃபர்ம்வேர் எண்ணும் மட்டும் சில ஆண்டு கழித்து வெளியிடலாம் என்று ஒரு பிரிவைத் தொடக்கத்திலேயே கேட்டுப் பார்க்கலாம். மாடல் சந்தையிலிருந்து விலகியபின் விற்பவருக்கு அதில் இழப்பு குறைவு. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு இதைக் கேட்டால் கிடைப்பதில்லை.